வேலை பார்ப்பவர்களை வேடிக்கை பார்ப்பவர்கள்

வாலாஜாபாத் வட்டாரத்தில் ஆள் தட்டுப்பாடே வராத தொழில் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று பார்ப்பதுதான் அது. படிப்பு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டுத் தலை நரைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சு, கையில் ஒரு போன், ஊரில் கொஞ்சம் நிலம், அதுவும் இல்லாவிட்டால் தாத்தாவுக்கு நிலம் இருந்தது என்ற ஞாபகம். இவ்வளவு போதும், காலை ஏழு மணிக்கே பணியில் சேர்ந்துவிடலாம். ஓய்வு பெறும் வயது கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சோர்ந்துபோனதாகவோ, சம்பளம் போதவில்லை என்று கொடி பிடித்ததாகவோ இதுவரை தகவல் இல்லை. செய்யும் வேலையில் மனநிறைவு என்பதை இவர்களிடம்தான் பார்க்க முடியும்.

பல வருஷ உழைப்புக்குப் பின் இவர்கள் ஒருமனதாகக் கண்டுபிடித்திருப்பது: நாடு கெட்டது நூறு நாள் வேலையால். "ஏரி வேலைன்னு சொல்லிட்டுப் போயி மரத்தடியில உக்காந்து கதை பேசிட்டு வர்றாளுங்க. நடவுக்குக் கூப்பிட்டா ஒருத்தி வரமாட்டேங்கறா. ஜனங்களை சோம்பேறியாக்கி வச்சிருக்கானுங்க." இதைச் சொல்கிறவர் அப்போது உட்கார்ந்திருப்பார். கேட்டுத் தலையாட்டுகிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அது பெஞ்சு. மரத்தடி வேறு.

விவசாயம் இதனால்தான் செத்தது என்ற வழக்கைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். நூறு நாள் வேலையைக் கொண்டுவந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம் இல்லை; இங்கே அது வந்தது 2008 ஏப்ரலில். அதற்கு முன்பே, 1998இல், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வந்துவிட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்யத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரகடம் முழுக்கக் கம்பெனி. கம்பெனியைச் சுற்றி நிலத்துக்கு விலை ஏற, நெல் விளைந்த இடத்தில் கலர்க் கொடி நட்டார்கள், கல் நட்டார்கள், வளைவு கட்டி 'நகர்' என்று பெயர் வைத்தார்கள். பாலாற்றில் மணலை அள்ளினார்கள். உத்திரமேரூர்ப் பக்கத்து மலைகளை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றினார்கள். நெல்லைக் கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கறந்தார்கள். இத்தனை பேரையும் விட்டுவிட்டு, மண்வெட்டியும் அன்னக்கூடையுமாக ஏரிக்கரையில் நிற்கும் அறுபது வயது அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள் பெஞ்சு நீதிபதிகள். தீர்ப்பு எழுதியவர் தன் மூன்று ஏக்கரையும் பிளாட்டாக்கி விற்றுவிட்டுத் தாம்பரத்தில் வீடு கட்டியவராகவே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, டீ குடித்து, விவசாயத்துக்காகக் கண்கலங்கிவிட்டுப் போவார்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறார்களே, எதற்கு ஆள்? அறுவடைக்கு மெஷின் வந்து வெகுநாளாயிற்று. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, கயிறு பிடித்து, நட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். மிச்சமிருப்பது களையெடுப்பும், வரப்பு வேலையும், மெஷின் இறங்க முடியாத சேற்றுக் காட்டில் கொஞ்சம் கையறுப்பும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்தையும் சேர்த்தாலும் ஒரு பெண்ணுக்கு இந்த வயல்கள் கொடுக்கும் வேலை எத்தனை நாள் வரும்? ஆனால் அந்தச் சில நாளுக்காக அவர் வருஷம் முழுக்க, வேறெங்கும் போகாமல், வேறெதுவும் வாங்காமல், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் தூரத்தில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்குக் கூலி? அந்தக் கேள்வி பெஞ்சில் எழுவதில்லை. நூறு நாள் வேலை என்பது வருஷத்தில் நூறு நாள். அந்த நூறும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. மீதி 265 நாளும் அவர் எங்கே இருந்தார், ஏன் கூப்பிடவில்லை என்று நிலக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு உடனே ஒரு போன் வந்துவிடும்.

கோபம் கூலியைப் பற்றியதாகவே இருந்தால் கூலியை ஏற்றிக் கொடுத்து முடித்திருக்கலாம். விஷயம் வேறு. ஒரு காலத்தில் ஊரிலிருந்து ஒரு ஆளை அனுப்பி, காலனி முனையில் நின்று குரல் கொடுத்தால் போதும், விடியும்போது பத்துப் பெண்கள் வரப்பில் நிற்பார்கள். என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது சூரியன் கிழக்கே உதிப்பதற்கு இணையான உண்மையாக இருந்தது. கூலி வாங்கச் சாயங்காலம் வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக்குள் காபி குடித்து முடியும்வரை நிற்க வேண்டும். 2008க்குப் பிறகு அதே பெண், "நாளைக்கு ஏரி வேலை இருக்குதுங்க, வர முடியாதுங்க" என்று சொன்னார். அதுவும் 'ங்க' போட்டு, மரியாதையாக. அந்த ஒரு வாக்கியம் விழுந்த இடத்தில் பட்ட வலிதான் பதினைந்து வருஷத்துக்கு மேலாக விவசாயப் பாசமாகவும் நாட்டுப் பற்றாகவும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஏரி வேலைக்குப் போகிறவர்களிடம் அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பெரிய காவியம் எதுவும் சொல்லமாட்டார்கள். வெயில் என்பார்கள், முழங்கால் வலி என்பார்கள், பணம் இன்னும் ஏறவில்லை என்பார்கள். அதோடு ஒன்று சொல்வார்கள்: "யார் வீட்டு வாசல்லயும் போயி நிக்க வேணாம்." ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, தன் பெயரில் பேங்க் கணக்கு, வேலை செய்யும் இடத்தில் 'அடியே' என்று கூப்பிட ஆள் இல்லை. தூர்வாரிய மண்ணைக் கரையில் கொட்டிவிட்டு மதியம் மரத்தடியில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தால், அவரவர் வீட்டுக் குழம்பை அவரவர் பகிர்ந்துகொள்ளலாம். அந்த மரத்தடிதான் கண்ணை உறுத்துகிறது. உழைக்கிறவர் உட்காருவதைப் பார்க்கச் சகிக்காத கண் நமக்கு ரொம்ப நாளாக உண்டு. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றுகொண்டே வியாபாரம் பார்த்த பெண்கள் உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் போட, 2021இல் சட்டசபையில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூலுக்கு ஒரு சட்டத் திருத்தம். உட்காருவது அவ்வளவு பெரிய சமாச்சாரம், உட்காருகிறவர் யார் என்பதைப் பொறுத்து.

பெஞ்சுக்காரர்களின் கவலை தில்லிக்கும் கேட்டது. ஏரி வேலையைக் கண்காணிக்கச் செயலி ஒன்று வந்தது. 2023 ஜனவரி முதல் அது கட்டாயம். பணித்தளப் பொறுப்பாளர் தினமும் இரண்டு முறை, வேலை செய்கிறவர்களை வரிசையாக நிறுத்தி, இருப்பிடக் குறிப்போடு படம் பிடித்து ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு கரைமேல் ஏற வேண்டும். படம் ஏறாவிட்டால் அன்றைய உழைப்பும் ஏறாது. அடுத்து 2024 ஜனவரி முதல் கூலி ஆதார் வழியாக மட்டுமே. வேலை அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து வேறு, பேங்கில் இன்னொரு எழுத்து என்றால், வெட்டிய மண் கரையிலேயே இருக்கும், பணம் மட்டும் எங்கேயோ இருக்கும். படத்தையே படம் எடுத்து ஏற்றி ஏமாற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு: ஊராட்சியில் எல்லாப் படங்களையும் ஒருவர் பார்க்க வேண்டும், அவர் பார்த்ததை ஒன்றியத்தில் ஒருவர், அவர் பார்த்ததை மாவட்டத்தில் ஒருவர், அவர் பார்த்ததை மாநிலத்தில் ஒருவர். கூடை தூக்குகிற ஓர் அம்மாவை வேடிக்கை பார்க்க இத்தனை அரசு ஊழியர்கள். வேலைவாய்ப்புத் திட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்!

சரி, கூலி கொடுக்க வேண்டியவரை யார் படம் எடுக்கிறார்கள்? சட்டம் தெளிவாகத்தான் சொல்கிறது: கூலியை வாரத்துக்கு ஒருமுறை தர வேண்டும், எப்படியும் 15 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 16ஆம் நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் பாக்கிக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு. 2025-26க்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய். கணக்குப் போடுங்கள். ஒரு நாள் கூலியை ஒரு நாள் தாமதித்தால் சர்க்காருக்கு அபராதம் ஏறத்தாழ 17 காசு. 25 காசு நாணயத்தையே 2011 ஜூன் மாதத்தோடு செல்லாது என்று மூட்டைகட்டிய நாட்டில், 17 காசை எந்த நாணயத்தில் எண்ணிக் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. அதுவும் கொடுத்தால்தான். குழு லோன் வசூலிக்கக் கிழமை தவறாமல் வாசலில் வந்து உட்காருகிறவரிடம், "அண்ணே, சர்க்கார் கூலி போடலை, இந்தாங்க பதினேழு காசு, இதை வட்டியில கழிச்சிக்கோங்க" என்று ஓர் அம்மா சொல்லிப் பார்க்கட்டும். அவர் சிரிக்கக்கூட மாட்டார்.

2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் ஏரி வேலைக்காரர்களுக்கு மத்திய அரசு வைத்திருந்த கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கல் அந்தப் பாக்கியோடு போயிற்று. மார்ச் மாதம் பாக்கி 4,034 கோடி என்று சொல்லி, 29ஆம் தேதி மாநிலத்தின் அப்போதைய ஆளுங்கட்சி ஒன்றியம் ஒன்றியமாக ஆர்ப்பாட்டம் நடத்தியது. செய்து முடித்த வேலை. படம் எடுத்து ஏற்றிய வேலை. ஆதாரோடு ஒட்டிய வேலை. இதற்கான பணத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தவர் யார், அந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கியது, அந்த மேசைக்காரர் காலை பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தாரா, மதியம் இருந்தாரா? இருப்பிடக் குறிப்போடு ஒரே ஒரு படம் காட்டுங்கள். சோம்பேறி யார் என்று அப்போது பேசலாம்.

பேசவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. திட்டத்தின் பெயரிலிருந்து காந்தி பெயர் போயிற்று. நூறு நாள் 125 நாள் ஆயிற்று, கேட்க இனிக்கிறது. செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்தார்கள். கொடுக்க வேண்டிய ஒருவரே கொடுக்காத இடத்தில் இனி இரண்டு பேர் கொடுக்காமல் இருக்கலாம். ஒருவரை ஒருவர் கை காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: விதைப்பும் அறுப்பும் நடக்கும் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள்வரை இந்த வேலையை நிறுத்தி வைக்கலாம், வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டுமல்லவா? ஆக, பெஞ்சு வென்றுவிட்டது. வாலாஜாபாத்தில் டீ குடித்துக்கொண்டு சொன்னது தில்லியில் சட்டமாகிவிட்டது. மக்களின் குரல் நாடாளுமன்றத்தில் எதிரொலிப்பதில்லை என்று இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். எதிரொலிக்கிறது, எந்த மக்கள் என்பதுதான் கேள்வி. அந்த 60 நாளும் நிலக்காரர் என்ன கூலி கொடுக்க வேண்டும், எத்தனை நாளில் கொடுக்க வேண்டும், அவர் வாசலில் யார் நின்று படம் எடுப்பார்கள்? எதுவும் இல்லை.

அம்மாவின் கதை இது. பிள்ளைகள் கம்பெனிக்குப் போகிறார்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கே சாலை ஓரங்களில் கழுத்துப் பட்டையோடு பிள்ளைகள் நிற்பார்கள். கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு சுங்குவார்சத்திரம் பக்கமும் ஒரகடம் பக்கமும் போகும். உள்ளே ஏறியதும் பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். முதல் கொஞ்ச நாள் பெருமை உண்டு. ஏ.சி. ஹால், யூனிஃபார்ம், கேன்டீன் சாப்பாடு. மண் வேலைக்குப் போகவில்லை என்பதில் அப்பாவுக்கும் பெருமை. பெண் பார்க்கப் போகும் இடத்தில்தான் உண்மை கேட்கப்படும்: "மாப்பிள்ளை பர்மனென்ட்டா?" டிரெய்னியாகச் சேர்ந்தவர், அப்ரன்டிசாக மாறி, கான்ட்ராக்டுக்குப் போய், நடுவில் ஒரு பிரேக் கொடுக்கப்பட்டு, வேறொரு கான்ட்ராக்டர் பெயரில் அதே லைனில் அதே நட்டைத் திருகிக்கொண்டிருப்பார். எட்டு வருஷமாகப் பயிற்சி பெற்றும் நட்டு திருகத் தெரியாத மந்தமான பிள்ளைகளா எங்கள் ஊர்ப் பிள்ளைகள்? பர்மனென்ட் ஆனவர்களுக்கு மட்டும் என்ன நிச்சயம்? நோக்கியாவில் ஆயிரக்கணக்கானோர் பர்மனென்ட்டாகத்தான் இருந்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் தேதி தொழிற்சாலைதான் பர்மனென்ட் இல்லை என்று தெரிந்தது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு. ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. மத்திய அமைச்சகம் மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. அதே ஆலையின் பெண்கள், விடுதியில் போட்ட சாப்பாட்டில் விஷம் கலந்ததுபோல் சுருண்டு விழுந்து, 2021 டிசம்பரில் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் எந்த இடத்தில் படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது உலகத்துக்குத் தெரியவந்தது. பார்த்தீர்களா, மறுபடியும் உட்காருவது. நின்று வேலை செய்தவரை ஒருவர் கண்ணிலும் படாதவர்கள், சாலையில் உட்கார்ந்ததும் நாடு முழுக்கத் தெரிந்தார்கள்.

தொழிலாளர் தோழர்கள் ஆண்ட மாநிலம்தானே இது என்று ஆறுதல் கொள்ளலாம். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடியது சென்னைக் கடற்கரையில், சிங்காரவேலர், 1923இல். அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை குரல் வாக்கில் நிறைவேற்றியது. நூற்றாண்டு விழாவை இதைவிட விமரிசையாகக் கொண்டாட முடியாது. தோழமைக் கட்சிகளே வெளியே நடந்தன. தொழிலாளர் விரும்பினால் மட்டுமே என்று அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். கான்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருக்கும் பையனிடம் லைன் லீடர் வந்து "விருப்பம் எப்படி?" என்று கேட்கும் காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே 1ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். தான் வைத்த கையைத் தானே எடுத்துவிட்டு அதை மே தினப் பரிசு என்று கொடுத்த அரசுக்கு நன்றி சொல்லிப் போஸ்டர் ஒட்டியவர்களும் உண்டு.

2024 செப்டம்பர் 9ஆம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கேட்டதில் முதன்மையானது, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. தொழிற்சங்கச் சட்டம் 1926இலேயே வந்துவிட்டது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்று வரக் கூடாது, அது எங்கள் வணிகப் பெயர் என்றது கம்பெனி. பிள்ளைகள் தயாரித்த ஒவ்வொரு பிரிட்ஜிலும் வாஷிங் மெஷினிலும் அந்தப் பெயரை ஒட்டுவது அவர்கள் கைதான். ஒட்டலாம், சொல்லிக்கொள்ளக் கூடாது. போலீஸ் வந்து போராட்டப் பந்தலைப் பிரித்தது. 37 நாள் கழித்துப் போராட்டம் முடிந்தது. நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. படிவத்தைப் பார்த்து முத்திரை குத்தும் ஒரு வேலைக்கு இத்தனை மாதம். அந்த வேலை செய்யும் அலுவலகத்திலும் இரண்டு வேளைப் படம் எடுக்கும் ஏற்பாடு இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மேலே இருப்பவர்களுக்கு நம் உழைப்பைப் பற்றிக் கவலை வந்தது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழையுங்கள் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, 2023இல். ஏலத்தை ஏற்றிக் கேட்டார் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன், 2025 ஜனவரியில்: 90 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. வீட்டில் உட்கார்ந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 2023-24 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 51 கோடி ரூபாய். அந்த நிறுவனத்து ஊழியர்களின் நடுத்தரச் சம்பளத்தைப் போல் 534 மடங்கு. ஏரி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு வருஷம் தவறாமல் நூறு நாளும் வேலை கிடைத்து, 336 ரூபாயும் குறையாமல் ஏறினால், அந்த ஒரு வருஷச் சம்பளத்தைச் சம்பாதிக்க அவருக்கு 15,000 வருஷத்துக்கு மேல் ஆகும். மனிதன் விவசாயம் என்ற தொழிலைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர் மண்வெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். அவருக்குப் போய் மணிக்கணக்கு சொல்கிறார்கள்! விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, கம்பெனிக்குப் போகும் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்து, ஏரிக்குப் போய், மாட்டுக்குப் புல் அறுத்து, மறுபடி அடுப்பு. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்றாலும் வாரத்துக்கு 98. தலைவர் இன்னும் எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறார்.

நேரக் கட்டுப்பாடு இல்லாமல், ஞாயிறு இல்லாமல், வீட்டுக்கே போகாமல் உழைத்தவர்களும் இந்த மாவட்டத்தில் இருந்தார்கள். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். கொத்தடிமைகள். பெரும்பாலும் இருளர்கள். சிலர் வாங்கியிருந்த கடன் வெறும் ஆயிரம் ரூபாய். அதைக் கழிக்க வருஷக்கணக்கில், குழந்தை குட்டியோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படம் நாடெங்கும் பரவியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்து 43 வருஷம் கழித்து, தன் உரிமையைத் தனக்குக் கொடுத்ததற்காக ஒரு கிழவர் காலில் விழுகிறார். அந்தப் படத்தைப் பார்த்து உருகினோம், பகிர்ந்தோம். அவர்களை அத்தனை வருஷம் யாருமே பார்க்கவில்லையா? ஏரிக்கரையில் ஓர் அம்மா ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் பத்து பேர் கண்ணில் படுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு குடும்பமே அடைபட்டுக் கிடந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. நம் கண்காணிப்புத் தொழிலின் தரம் இவ்வளவுதான்.

கடைசியாகப் பெருமைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக்கு யார் வந்தாலும் உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டுவோம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921. முப்பது குடும்பு, குடவோலை, தேர்தல், வாரியங்கள், உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்த ஊர். யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்பதையும் அதே சுவர் சொல்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியில் மண் வெட்டியவர்கள், கரை கட்டியவர்கள், வயலில் நட்டவர்கள் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. அன்றைக்கும் ஏரியைப் பார்வையிட ஆறு பேர் இருந்தார்கள் என்பதுதான் எங்கள் பழமை.

இருந்தாலும் அந்த நிலக்காரர்கள் தங்களுக்கே ஒரு விதி எழுதி வைத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை இனிக் குடத்தில் போடக் கூடாது. அவர் பெயரை மட்டும் என்றால் பரவாயில்லை. அவருடைய அப்பா, மகன், மருமகன், மாமா, மச்சான், சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று உறவுமுறை வரிசையாகச் சொல்லி, ஒருவர் பெயரையும் போடக் கூடாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே உத்திரமேரூரின் இந்த விதியை எடுத்துச் சொல்லிப் பெருமைப்பட்டார். பெருமைப்பட்டதோடு சரி.

வேறெதுவும் வேண்டாம், அந்த ஒரு விதியை அமல்படுத்துங்கள். 4,034 கோடிக் கூலி மாதக்கணக்கில் எங்கே இருந்தது என்று கணக்குக் காட்டாதவர்கள், 12 மணி நேரத்துக்குக் கை தூக்கியவர்கள், மலையும் மணலும் எங்கே போயின என்று சொல்லத் தெரியாதவர்கள் எல்லாரும் ஒதுங்கட்டும். மகன், மருமகன், மச்சானோடு ஒதுங்கட்டும். தில்லியிலும் சென்னையிலும் நிறைய நாற்காலிகள் காலியாகும். நிறையப் பேர் வேறு வேலை தேட வேண்டிவரும். தேடி அலைய வேண்டாம். வாலாஜாபாத் ஒன்றியத்து ஊராட்சிகளில் ஏரிகளுக்குக் குறைவில்லை. அட்டை போட்டுக்கொண்டு வரலாம். மண்வெட்டி இங்கே கிடைக்கும். காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். கூலி 336 ரூபாய். பதினைந்து நாளில் ஏறாவிட்டாலும் பயப்பட வேண்டாம். சட்டம் இருக்கிறது, நாளொன்றுக்கு 17 காசு.